கரையில் ஓடுகிறது, தண்ணீரில் நிற்கிறது: ஆர்.சி. படகின் நைட்ரோ எஞ்சினில் பழுது கண்டுபிடிக்க முழுமையான வழிகாட்டி

ஆர்.சி. படகில், அதாவது ரேடியோவால் இயக்கும் மாதிரிப் படகில், நைட்ரோ எஞ்சின் மக்கர் செய்தால் முதலில் கை போவது கார்புரேட்டர் நீடிலுக்குத்தான், அதாவது எரிபொருள் வரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகுக்கு. சிக்கல் பெரிதாவதும் அங்கேதான். எரிபொருளைப் பற்றவைக்கும் குளோ பிளக் செத்துக்கொண்டிருக்கும், நீடிலைத் திருகுவோம். டேங்க் குழாயில் ஊசிமுனை அளவுக்கு ஓட்டை இருக்கும், அதற்கும் நீடிலைத் திருகுவோம். கால் மணி நேரத்தில் நீடில் முதலில் எங்கே இருந்தது என்பதே மறந்துவிடும். கோளாறு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும்.

பிளக், எரிபொருள், காற்று, கம்ப்ரெஷன், சுமை என்ற வரிசையில் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்றால் மட்டும் நீடிலைத் தொடுவதுதான் இங்கே சொல்லும் முறை. இதை 3.5 சி.சி., அதாவது 0.21 கன அங்குல எஞ்சினை மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்: தண்ணீரால் குளிர்வது, டியூன்ட் பைப் (எஞ்சின் வேகத்துக்கேற்ப நீளம் அமைத்த புகைக்குழாய்) பூட்டியது, படகின் உள்ளே உட்காருவது. நாவிகா, நாம்பா ஆகிய மாதிரிப் படகு அமைப்புகளின் போட்டிகளில் இந்த அளவுக்கென்று தனிப் பிரிவு உண்டு. 7.5 சி.சி., 11 சி.சி. எஞ்சின்களுக்கும் முறை இதேதான், அளவுகள்தான் மாறும்.

எரிபொருள் கூடின கலவையை ரிச் என்றும், குறைந்த கலவையை லீன் என்றும் சொல்கிறோம். நீடிலை வலப்பக்கம் திருகி உள்ளே விட்டால் லீன், இடப்பக்கம் திருகி வெளியே எடுத்தால் ரிச்.

தொடங்கும் முன்

கையோடு இருக்க வேண்டியவை: முழுதாக சார்ஜ் ஏற்றிய குளோ இக்னைட்டர், இரண்டு மூன்று புதிய பிளக்குகள், பிளக் ஸ்பேனர், அலன் கீ செட், எரிபொருள் ஊற்றும் சிரிஞ்ச், புது சிலிக்கான் குழாய் அரை மீட்டர், பழந்துணி, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ஓட்டம் முடிந்ததும் உள்ளே விட ஏர் டூல் ஆயில். ஒரு சின்ன நோட்டும் வேண்டும். நீடிலை எவ்வளவு திருகினோம் என்று ஒவ்வொரு முறையும் எழுதாமல் ட்யூனிங் செய்யவே முடியாது.

நைட்ரோ எரிபொருளில் நைட்ரோமீத்தேன், எண்ணெய் ஆகியவற்றோடு மெத்தனாலும் இருக்கிறது. மெத்தனால் தீ பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. படகின் உட்பக்கம் காரணமில்லாமல் சூடாக இருந்தாலோ, காற்று அலைவது போலத் தெரிந்தாலோ தீ பிடித்திருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுங்கள். மெத்தனால் தண்ணீரோடு கலந்துவிடும் என்பதால் நிறையத் தண்ணீர் ஊற்றினால் தீ அணையும். அது தோல் வழியாகவும் உடம்பில் ஏறும் நஞ்சு. கையுறை போடுங்கள், குழாயில் வாய் வைத்து எரிபொருளை உறிஞ்சாதீர்கள்.

கிளப்பும்போது ஒருவர் படகைப் பிடிக்க, இன்னொருவர் பெல்ட் ஸ்டார்ட்டரை இயக்க வேண்டும். புரொப்பல்லருக்கு நேர் பின்னாலோ பக்கவாட்டில் அதே கோட்டிலோ யாரும் நிற்கக் கூடாது. தண்ணீருக்கு வெளியே ஐந்து முதல் பத்து விநாடிக்கு மேல் ஓட விடாதீர்கள், முழு த்ராட்டிலும் கொடுக்காதீர்கள். வெளியே குளிர்விக்கத் தண்ணீர் கிடையாது, புரொப்பல்லருக்குச் சுமையும் கிடையாது. சுமையில்லாமல் எகிறும் எஞ்சினில் கனெக்டிங் ராடு ஒரு நொடியில் போய்விடும்.

எரிவதைப் பற்றி இரண்டு விஷயம்

இந்த எஞ்சினில் பெட்ரோல் எஞ்சின் மாதிரி தீப்பொறி இல்லை. பிளக்கில் இருக்கும் பிளாட்டினம் கலந்த கம்பிச்சுருளும் மெத்தனாலும் சேரும்போது நடக்கும் வினைதான் கம்பியைச் சூடாகவே வைத்திருக்கிறது. இக்னைட்டர் கொடுக்கும் 1.2 முதல் 1.5 வோல்ட் கிளப்புவதற்கு மட்டும்தான். அதனால் சுருளின் நிலை, எரிப்பு அறையின் சூடு, கலவை ஆகிய மூன்றில் எது கெட்டாலும் வெளியே தெரியும் அறிகுறி ஒன்றேதான்: எஞ்சின் நின்றுவிடும்.

இன்னொன்று காற்றுக் கணக்கு. எடையளவில் ஒரு பங்கு பெட்ரோல் எரிய ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். மெத்தனாலுக்கு 6.4 பங்கு போதும். நைட்ரோமீத்தேனுக்கு வெறும் 1.7. ஆகவே 20 சதவீத நைட்ரோவிலிருந்து 40 சதவீதத்துக்கு மாறினால் அதே காற்றுக்கு இன்னும் அதிக எரிபொருள் உள்ளே போக வேண்டும், நீடிலைத் திறந்தே ஆக வேண்டும். டப்பாவை மாற்றிவிட்டுப் பழைய அமைப்பிலேயே ஓட்டினால் எஞ்சின் லீனாக ஓடி, முதல் சுற்றிலேயே பிளக்கைத் தின்றுவிடும்.

படி 1: நீடில்களைத் தொடக்க நிலைக்குக் கொண்டுவாருங்கள்

யார் யாரோ திருகிய எஞ்சின் என்றால் முதலில் இதைச் செய்யுங்கள். ஹை ஸ்பீட் நீடிலை (முழு வேகக் கலவையை அமைப்பது; குறைந்த வேகத்துக்கு லோ ஸ்பீட் நீடில்) மெதுவாக உள்ளே திருகி, லேசாகத் தட்டும் இடத்தில் நிறுத்துங்கள். அதற்கு மேல் இறுக்கினால் நீடில் முனையிலும் அது உட்காரும் இடத்திலும் பள்ளம் விழும். பிறகு அந்தக் கார்புரேட்டர் ட்யூனிங்குக்கே வராது. அங்கிருந்து எஞ்சின் கையேடு சொல்லும் அளவுக்குத் திறங்கள். கையேடு இல்லையென்றால் இரண்டரை முதல் மூன்றரைச் சுற்று வரை திறந்து, ரிச் பக்கமே தொடங்குங்கள். ரிச்சாக இருந்தால் புகை வரும், வேகம் குறையும், அவ்வளவுதான். லீனாக இருந்தால் பிஸ்டன் போகும்.

த்ராட்டில் ஸ்டிக் முழுக்கக் கீழே இருக்கும்போது கார்புரேட்டர் வாயில் சுமார் 1 மி.மீ. இடைவெளி தெரிய வேண்டும். ட்ரான்ஸ்மிட்டரில் ட்ரிம்மைக் கீழே இழுத்தால் அது முழுக்க மூட வேண்டும்; எஞ்சினை நிறுத்த அது தேவை. ரிசீவரின் ஃபெயில்சேஃபும் (சிக்னல் போனால் த்ராட்டில் தானாகப் போகும் நிலை) அதே மூடும் நிலையில் அமைந்திருக்க வேண்டும். ட்ரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதித்த பிறகுதான் படகு தண்ணீருக்குப் போக வேண்டும்.

பழைய சில கார்புரேட்டர்களில் லோ ஸ்பீட் நீடில் இருக்காது, காற்று விடும் ஒரு சிறு திருகுதான் இருக்கும். அது நேர் எதிராக வேலை செய்யும்: வெளியே எடுத்தால் காற்று கூடி லீனாகும், உள்ளே விட்டால் ரிச்சாகும். கையில் இருப்பது எது என்று தெரியாமல் அதைத் தொடாதீர்கள்.

படி 2: கிளம்பவே மாட்டேன் என்றால்

பிளக்கைக் கழற்றி இக்னைட்டரில் வைத்துப் பாருங்கள். சுருள் முழுவதும் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒளிர வேண்டும். மங்கிய சிவப்பு என்றால் பேட்டரி இறங்கியிருக்கிறது. ஒரு பகுதி மட்டும் ஒளிர்ந்தாலோ, சுருள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தாலோ பிளக்கை மாற்றுங்கள். வெளியே நன்றாக ஒளிரும் பிளக்கும் உள்ளே எரிபொருளில் நனைந்ததும் அணைந்துவிடலாம். பலவீனமான பேட்டரியில் இது அடிக்கடி நடக்கும். பிளக்கைத் திரும்பப் பூட்டும்போது அடியில் செம்பு வாஷர் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து எரிபொருள். டியூன்ட் பைப்பின் வால் முனையை விரலால் மூடி ஃபிளைவீலைச் சுற்றினால், பைப்பிலிருந்து டேங்குக்குப் போகும் பிரஷர் குழாய் வழியே அழுத்தம் ஏறி எரிபொருள் கார்புரேட்டர் வரை தள்ளப்படும். குழாயில் எரிபொருள் நகர்வது கண்ணுக்குத் தெரிய வேண்டும். நகரவில்லையா? ஃபில்டர், பைப்பில் இருக்கும் பிரஷர் நிப்பிள், டேங்க் மூடி, டேங்குக்குள் இருக்கும் எடை கட்டிய உறிஞ்சு குழாய் என்று வரிசையாகப் பாருங்கள். நிப்பிளின் சிறு துளையில் விளக்கெண்ணெய்ப் பிசின் உறைந்து அடைத்துக்கொள்வது ரொம்ப சாதாரணம். மெல்லிய கம்பியால் குத்தினால் திறந்துவிடும்.

ஸ்டார்ட்டர் முக்கி நின்றுவிட்டால் பலத்தைக் கூட்டாதீர்கள். சிலிண்டரில் எரிபொருள் நிரம்பியிருக்கிறது. திரவம் அமுங்காது, வளைவது கனெக்டிங் ராடுதான். பிளக்கைக் கழற்றி, எரிபொருள் குழாயைக் கிளிப்பால் கவ்வி அடைத்து, ஹெட்டின் மேல் துணியைப் போட்டு, பிளக் துளை கீழே பார்க்கும்படி படகைச் சாய்த்து இரண்டு மூன்று விநாடி சுற்றுங்கள். துணி இல்லாமல் சுற்றினால் எரிபொருள் நேராகக் கண்ணில் அடிக்கும்.

பிளக்கும் எரிபொருளும் சரி, ஆனாலும் கிளம்பவில்லை என்றால் கம்ப்ரெஷன். ஏ.பி.சி. வகை (அலுமினிய பிஸ்டன், குரோம் பூசிய பித்தளை ஸ்லீவ்) எஞ்சினில் ஸ்லீவ், அதாவது பிஸ்டன் ஓடும் உள்குழல், மேலே போகப் போகக் குறுகும். அதனால் ஆறிய நிலையில் ஃபிளைவீலைக் கையால் சுற்றும்போது பிஸ்டன் உச்சியில் கிரீச்சென்று இறுகிப் பிடிக்க வேண்டும். எந்தப் பிடிப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனால் பிஸ்டனும் ஸ்லீவும் தேய்ந்துவிட்டன. ஆறியிருக்கும்போது கிளம்பி, சூடானபின் கிளம்ப மறுப்பது அந்தத் தேய்மானத்தின் முதல் அறிகுறி. இதற்கு நீடிலில் மருந்து கிடையாது.

பெல்ட்டின் திசையையும் ஒருமுறை சரிபாருங்கள். பெரும்பாலான எஞ்சின்கள் ஷாஃப்ட் பக்கமிருந்து பார்த்தால் இடஞ்சுழியாகச் சுற்றும். கார்புரேட்டர் வாயிலிருந்து எரிபொருள் வெளியே துப்பினால் பெல்ட்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள்.

படி 3: கிளம்புகிறது, இக்னைட்டரை எடுத்ததும் நிற்கிறது

பிளக் தானாகச் சூட்டைக் காக்க முடியவில்லை என்று அர்த்தம். பிளக் மிகக் குளிர்ந்த வகையாக (சூட்டைக் குறைவாகத் தக்கவைப்பதாக) இருக்கலாம், எரிபொருள் பழையதாக இருக்கலாம், ஐடிலில், அதாவது த்ராட்டில் கொடுக்காமல் மெதுவாக ஓடும் நிலையில், கலவை மிகவும் ரிச்சாக இருக்கலாம். முதலில் புதுப் பிளக், பிறகு சீல் உடைக்காத டப்பாவிலிருந்து எரிபொருள். மெத்தனால் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மூடி சரியாக மூடாத டப்பாவின் எரிபொருள் பார்வைக்குப் புதிது மாதிரியே இருக்கும். நிறத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

இரண்டையும் மாற்றியும் அதே கதை என்றால் ஐடிலில் ஓடும்போது கார்புரேட்டருக்கு ஒட்டினாற்போல் எரிபொருள் குழாயை விரலால் கவ்வுங்கள். இரண்டு மூன்று விநாடியில் எஞ்சினின் சுற்று வேகம் சற்று ஏறி அப்புறம் எஞ்சின் நின்றால் லோ ஸ்பீட் நீடில் சரியாக இருக்கிறது. கவ்வியதுமே நின்றால் லீன். நான்கைந்து விநாடி தாண்டியும் சுற்று ஏறிக்கொண்டே போனால் ரிச். எட்டில் ஒரு சுற்று உள்ளே திருகி மறுபடி பாருங்கள்.

த்ராட்டில் கொடுக்கும்போது நிற்பதும் இந்த நீடில் சம்பந்தப்பட்டதே. புகையில்லாமல் சட்டென்று அணைந்தால் லீன். கடகடவென்று திணறி, புகையைக் கக்கி நின்றால் ரிச்.

படி 4: கரையில் பிரமாதம், தண்ணீரில் நின்றுவிடுகிறது

படகுக்காரர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. கரையில் இருக்கும் எஞ்சினும் தண்ணீரில் இருக்கும் எஞ்சினும் ஒன்றல்ல. தண்ணீரில் புரொப்பல்லர் சுமை ஏறுகிறது, ஹெட் குளிர்கிறது, டேங்க் சாய்கிறது, எரிபொருள் வளைவில் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. படகு மேலெழுந்து தண்ணீர்மேல் வழுக்க ஆரம்பித்ததும் புரொப்பல்லரின் சுமை மறுபடி குறைந்து, எஞ்சின் நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் போகிறது. அப்போது கலவை தானாகவே லீன் பக்கம் சரியும். ஆகவே எங்கே, எந்த நொடியில் நின்றது என்பதைக் கவனித்தால் பாதி வேலை முடிந்தது.

*விட்டதுமே நின்றால்:* கரையில் லோ ஸ்பீட் மிகக் கச்சிதமாக வைக்கப்பட்டிருக்கிறது, தண்ணீரின் சுமைக்கு அது போதவில்லை. கரையில் சற்றுத் திணறுவது போல, கொஞ்சம் ரிச்சாகவே வைத்து விட வேண்டும். படகைக் கையிலிருந்து விடும்போது எஞ்சின் சுற்று ஏறிய நிலையில் முன்னோக்கித் தள்ளி விடுங்கள். ஐடிலில் அப்படியே மிதக்க விட்டால் பெரிய புரொப்பல்லரைச் சுற்ற அந்த எஞ்சினுக்குத் தெம்பு இருக்காது.

*நேர்ப்பாதையின் கடைசியில், முழு வேகத்தில் நின்றால்:* லீன். சத்தம் கூர்மையாகி, வேகம் ஏறி, பிறகு வெட்டினாற்போல் நிற்கும். பிளக்கைக் கழற்றினால் கம்பி போயிருக்கும். ஹை ஸ்பீட் நீடிலைக் கால் சுற்று திறந்துவிட்டு, எரிபொருள் வரத்தில் தடை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

*வளைவில் மட்டும் நின்றால்:* டேங்க்தான். ஆர்.சி. படகுப் பந்தயங்களில் முட்டை வடிவப் பாதையை வலஞ்சுழியாகச் சுற்றுவார்கள், அதாவது வளைவுகள் எல்லாம் வலப்பக்கம். அப்போது எரிபொருள் டேங்கின் இடப்பக்கம் ஒதுங்கும். முடுக்கத்தில் பின்பக்கமும் போகும். எனவே உறிஞ்சு முனை டேங்கின் இடது பின் மூலையில் இருக்க வேண்டும். நடுவில் ஆடிக்கொண்டிருக்கும் எடை, படகு ஒருமுறை கவிழ்ந்து எழுந்த பிறகு முன்பக்கம் மடங்கி மாட்டிக்கொள்வதும் உண்டு. டேங்கைக் கையில் எடுத்து ஆட்டினால் எடை உள்ளே தட்டும் சத்தம் கேட்க வேண்டும்.

*டேங்க் பாதி காலியானதும் நின்றால்:* டேங்கின் நடுமட்டம் கார்புரேட்டர் ஜெட்டின் மட்டத்துக்கு வெகு கீழே இருக்கிறது, அல்லது பிரஷர் எங்கோ கசிகிறது. டேங்கின் ஒரு வழியைத் தவிர மற்றதையெல்லாம் கிளிப்பால் அடைத்து, தண்ணீருக்குள் அமுக்கி, காலி சிரிஞ்சால் காற்றை ஏற்றுங்கள். குமிழி வரும் இடம்தான் கசிவு. பெரும்பாலும் மூடியின் ரப்பரிலோ நிப்பிளின் அடியிலோ இருக்கும். சோதனை முடிந்ததும் உள்ளே ஈரமில்லாமல் காயவைத்துப் பூட்டுங்கள்.

*த்ராட்டிலைக் குறைத்ததும் நின்றால்:* ஐடில் ரிச், அல்லது ஹெட் அளவுக்கு மேல் குளிர்கிறது.

*எந்த ஒழுங்கும் இல்லாமல், வேகம் ஏறி இறங்கி நின்றால்:* எரிபொருளில் நுரை. எஞ்சின் அதிர்வு டேங்குக்கு ஏறும்போது காற்றுக் குமிழிகள் எரிபொருளோடு கலந்து குழாய்க்குள் போகும். எஞ்சின் மவுன்ட் திருகுகளில் ஒன்று தளர்ந்திருந்தாலே போதும். டேங்க் படகின் உடலில் நேரடியாக உரசாமல் ஸ்பாஞ்சில் உட்கார வேண்டும். நிறமற்ற சிலிக்கான் குழாய் போடுவதன் பெரிய லாபம் இங்கேதான்: படகைத் தண்ணீரில் பிடித்துக்கொண்டு அரை த்ராட்டில் கொடுத்தால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

கார்புரேட்டருக்குத் தண்ணீர்த் தெறிப்பு போகிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள். படகு மூடியின் விளிம்பில் ஒட்டிய டேப் பிரிந்திருந்தால், அல்லது ஃபிளைவீல் அடியில் தேங்கிய தண்ணீரை வாரி இறைத்தால், எஞ்சின் அதை உறிஞ்சிவிடும்.

படி 5: குளிர்விக்கும் தண்ணீர்

சுக்கானிலோ புரொப்பல்லருக்குப் பின்னாலோ இருக்கும் துளை வழியே தண்ணீர் ஏறி, ஹெட் ஜாக்கெட்டைச் சுற்றி, படகின் பக்கவாட்டில் பீச்சிக்கொண்டு வெளியேறும். படகு கரையருகே கடந்து போகும்போது அந்தப் பீச்சு தெரிகிறதா என்று பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். தெரியவில்லை என்றால் உடனே த்ராட்டிலைக் குறைத்துக் கரைக்குக் கொண்டுவாருங்கள். பாசி, இலைத் துண்டு, மடங்கிய குழாய், டியூன்ட் பைப்பில் உரசி உருகிய குழாய் ஆகியவைதான் வழக்கமான காரணங்கள். வெளியேறும் முனையிலிருந்து சிரிஞ்சால் எதிர்த்திசையில் தண்ணீரை அழுத்தினால் அடைப்பு வந்த வழியே வெளியேறும்.

சூடேறிப்போன எஞ்சின் மேல் குளிர்ந்த தண்ணீரைக் கொட்டாதீர்கள். படகின் மூடியைத் திறந்து வைத்துத் தானாக ஆறவிடுங்கள்.

சூடு அதிகம் என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள், சூடு போதாது என்பதை யாரும் பார்ப்பதில்லை. குளிர்ந்த ஏரி நீர் வேகமாக ஓடும் படகில் ஹெட்டை அளவுக்கு மேல் குளிர வைக்கும். எரியாத எண்ணெய் பைப் வழியே கொட்டும், பிளக் ஈரமாகவே இருக்கும், ஐடிலில் எஞ்சின் நிலைத்து ஓடாது. ஓடி வந்ததும் வெளியேறும் நீரில் விரலை வைத்துப் பாருங்கள்: வெதுவெதுப்பாக இருக்க வேண்டும். ஜில்லென்று இருந்தால் உள்ளே வரும் குழாயில் சிறு துளையுள்ள ஒரு பித்தளைத் துண்டைச் செருகித் தண்ணீரைக் குறையுங்கள். தண்ணீரால் குளிரும் ஹெட்டில் வெப்பமானி வைத்து ஆர்.சி. கார் எண்களோடு ஒப்பிடுவதில் பயனில்லை.

படி 6: முழு வேக அமைப்பும் பிளக் பரிசோதனையும்

ரிச்சாகத் தொடங்கி, இரண்டு சுற்று ஓட்டி, கரைக்குக் கொண்டுவந்து, ஹை ஸ்பீட் நீடிலைப் பன்னிரண்டில் ஒரு சுற்று, அதாவது கடிகார முள் ஒரு மணி நகரும் அளவு, உள்ளே திருகுங்கள். மறுபடி ஓட்டுங்கள். வேகம் கூடக் கூட இதையே செய்யுங்கள். திருகியும் வேகம் கூடாத இடம் வந்ததும் எட்டில் ஒரு சுற்று திறந்துவிடுங்கள். அதுதான் உங்கள் அமைப்பு. முழு வேகத்திலும் மெல்லிய புகைக்கோடு தெரிந்துகொண்டே இருக்க வேண்டும்.

அமைப்பு சரியா என்பதற்குச் சாட்சி பிளக்தான். முழு வேகத்தில் இரண்டு சுற்று ஓட்டி, நேராகக் கரைக்கு வந்து உடனே நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள். ஐடிலில் உருட்டிக்கொண்டே வந்தால் முழு வேகத்தின் தடயம் அழிந்துவிடும்.

வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கம்பி புதிது போலப் பளபளத்து, சுற்றிலும் எண்ணெய் ஈரம் இருந்தால் ரிச். கம்பி லேசாகச் சாம்பல் பூத்து, சுருள் வடிவம் கெடாமல் இருந்தால் சரி. கம்பி முழுக்க வெளுத்து, சொரசொரத்து, மையம் நோக்கி நசுங்கியிருந்தால் லீன், அல்லது எரிப்பு அறையில் அழுத்தம் அதிகம். இரண்டையும் பிரித்தறிய ஹெட்டைக் கழற்றிப் பாருங்கள். பிஸ்டன் மேலும் ஹெட்டின் உட்புறமும் மணல் வீசியது போலச் சிறு குழிகள் விழுந்திருந்தால், கலவை தன் நேரத்துக்கு முன்பே வெடிக்கிறது. ஹெட்டின் அடியில் 0.1 மி.மீ. ஷிம் (மெல்லிய உலோக வளையம்) ஒன்று கூட்டுங்கள், இன்னும் குளிர்ந்த வகைப் பிளக் போடுங்கள். நைட்ரோ சதவீதம் கூடக் கூடப் பிளக் குளிர்ந்த வகையாக வேண்டும் என்பது பொது விதி.

காலையில் வைத்த அமைப்பு நண்பகலில் சற்று ரிச்சாகத் தெரியும். சூடான, ஈரமான காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி குறைவு என்பதே காரணம். ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது: மதிய வெயிலில் லீனாக்கிய எஞ்சினை மாலை குளிர்ந்த காற்றில் அப்படியே விட்டால் அது இன்னும் லீனாகிவிடும். மாலையில் முதலில் நீடிலைத் திறங்கள், பிறகு படகை விடுங்கள்.

படி 7: எதற்கும் கட்டுப்படாத எஞ்சின்: காற்றுக் கசிவு

ஒரு முறை ஐடில் உயரமாக நிற்கும், மறு முறை அணைந்துபோகும். த்ராட்டிலை மூடியும் சுற்று இறங்கத் தாமதமாகும். நேற்று சரியாக இருந்த அமைப்பு இன்று வேலை செய்யாது. இப்படி இருந்தால் நீடிலின் கணக்கில் வராத காற்று வேறு வழியில் உள்ளே போகிறது. கார்புரேட்டர் கழுத்தின் ஓ ரிங், பின்மூடியின் கேஸ்கெட், முன் பேரிங், லோ ஸ்பீட் நீடிலின் குட்டி ஓ ரிங் ஆகியவை சந்தேகப்பட வேண்டிய இடங்கள்.

எஞ்சினைப் படகிலிருந்து எடுங்கள். பிளக் பூட்டியபடியே இருக்கட்டும். எக்ஸாஸ்ட் வாயையும் கார்புரேட்டர் வாயையும் ரப்பர் அடைப்பான்களால் மூடி, எரிபொருள் நிப்பிளில் குழாய் மாட்டி, சோப்புத் தண்ணீரைச் சந்தேக இடங்களில் தடவி, த்ராட்டிலையும் நீடிலையும் திறந்து வைத்து சிரிஞ்சால் காற்றை மெல்ல அழுத்துங்கள். குமிழி பூக்கும் இடத்தைப் பிரித்து, ரிங்கை மாற்றுங்கள். முன் பேரிங்கில் மிக லேசான கசிவு இயல்பு. நுரை பொங்கினால் பேரிங் மாற்ற வேண்டும். சோதனை முடிந்ததும் நன்றாகத் துடைத்து, உள்ளே எண்ணெய் விட்டுச் சுற்றுங்கள்.

படி 8: எஞ்சின் மேல் பழி, குற்றவாளி வெளியே

எஞ்சின் பலமில்லை என்று நினைக்கும் பல படகுகளில் புரொப்பல்லர்தான் பெரிது. ஆக்டுரா நிறுவனத்தின் எக்ஸ் வரிசை புரொப்பல்லர்களில் கடைசி இரண்டு இலக்கம் விட்டத்தையும் முதல் இலக்கம் பிட்ச் விகிதத்தையும் சொல்லும்: எக்ஸ் 440 என்றால் 40 மி.மீ. விட்டம், 1.4 மடங்கு பிட்ச், அதாவது ஒரு சுற்றுக்கு 56 மி.மீ. நகரும் கணக்கு. படகு மேலெழாமல் உழுதுகொண்டே போய், எஞ்சின் டியூன்ட் பைப்பின் வேக எல்லைக்குள் ஏறவே இல்லை என்றால் 2 மி.மீ. சிறிய விட்டம் போட்டுப் பாருங்கள். நீடிலில் கிடைக்காதது அங்கே கிடைக்கும். பிளேடு நுனி வளைந்திருந்தாலோ சமநிலை இல்லாவிட்டாலோ அந்த அதிர்வுதான் டேங்கில் நுரையாக வந்து நிற்கும்.

பைப்பின் நீளமும் இதே வகை. நீளம் கூடினால் கீழ் வேகத்தில் இழுவை கிடைக்கும், குறைந்தால் உச்ச வேகம் கூடும். குறைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் எஞ்சின் அந்த வேகத்தை எட்டவே முடியாது. ஒரு நேரத்தில் 3 மி.மீ.க்கு மேல் மாற்றாதீர்கள். பைப்பை இணைக்கும் சிலிக்கான் கப்ளர் கிழிந்து எண்ணெய் கசிந்தாலும் இதே அறிகுறிதான்.

எஞ்சினையும் புரொப்பல்லரையும் இணைக்கும் வளையும் தண்டான ஃப்ளெக்ஸ் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றுங்கள். பிறகு ஷாஃப்டைத் தனியாகச் சுற்றுங்கள். ஷாஃப்ட் ஓரிடத்தில் இறுகினால் எஞ்சினும் குழாயும் நேர்க்கோட்டில் இல்லை. சுமை ஏறும்போது ஃப்ளெக்ஸ் ஷாஃப்ட் முறுகிக் குட்டையாகும் என்பதால் ஸ்ட்ரட்டுக்கும் (படகின் பின்னால் ஷாஃப்டைத் தாங்கும் பகுதி) புரொப்பல்லரைப் பிடிக்கும் டிரைவ் டாகுக்கும் இடையே 3 முதல் 6 மி.மீ. இடைவெளி விட வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் முழு வேகத்தில் அது பிரேக் போட்டது போல அழுத்தும், எஞ்சின் சூடேறி நிற்கும். வெளியே எடுத்துப் பார்த்தால் உலோகம் உரசிப் பளபளத்த வளையம் தெரியும். கிரீஸை ஒவ்வொரு ஓட்ட நாளுக்குப் பிறகும் துடைத்துப் புதிதாகப் பூசுங்கள்.

படி 9: படகு கவிழ்ந்து எஞ்சினுக்குள் தண்ணீர் போனால்

இங்கே நேரம்தான் முக்கியம். கரைக்கு வந்ததும் ஸ்டார்ட்டரை வைக்காதீர்கள். பிளக்கைக் கழற்றி, படகைத் தலைகீழாகப் பிடித்து, ஃபிளைவீலைக் கையால் சுற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள். பைப்பைச் சாய்த்து வடியுங்கள். கார்புரேட்டர் வாயில் கொஞ்சம் எரிபொருளை ஊற்றிச் சுற்றி, மறுபடி வடியுங்கள். மெத்தனால் மிச்சத் தண்ணீரை இழுத்துக்கொண்டு வரும். டேங்கில் தண்ணீர் கலந்திருக்கலாம் என்பதால் அந்த எரிபொருளைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள். புதுப் பிளக் போட்டு உடனே கிளப்பி, தண்ணீரில் ஒரு டேங்க் ஓட்டினால் பேரிங்குகள் காய்ந்துவிடும். அன்று ஓட்ட முடியாது என்றால் எண்ணெயை நிறைய விட்டுச் சுற்றி, வீட்டுக்குப் போனதும் பின்மூடியைத் திறந்து பாருங்கள். உப்புநீர் என்றால் நல்ல தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் இதையெல்லாம் செய்ய வேண்டும். ஒரு இரவு விட்டாலும் பேரிங்கில் துரு ஏறிவிடும்.

ஓட்டம் முடிந்த பின்

டேங்கைக் காலி செய்யுங்கள். எரிபொருள் குழாயைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது எரிந்து தீரும் வரை சில விநாடி கிளப்புங்கள். பிளக்கைக் கழற்றி, பிளக் துளையில் ஐந்தாறு சொட்டு, கார்புரேட்டர் வாயில் ஐந்தாறு சொட்டு எண்ணெய் விட்டு, ஸ்டார்ட்டரால் சில விநாடி சுற்றுங்கள். கடைசியில் ஃபிளைவீலைக் கையால் திருப்பி, இறுக்கம் தெரியாத இடத்தில், அதாவது பிஸ்டன் கீழே இருக்கும்படி நிறுத்துங்கள். சூடான ஸ்லீவின் குறுகிய பகுதியில் பிஸ்டனை விட்டுவிட்டால் ஆறியபின் அங்கேயே சிக்கிக்கொள்ளும், அடுத்த முறை ஸ்டார்ட்டர் அசைக்காது. அப்படிச் சிக்கிவிட்டால் ஃபிளைவீலை இடுக்கியால் திருக வேண்டாம். ஹெட்டை ஹேர் டிரையரால் சில நிமிடம் சூடாக்கினால் ஸ்லீவ் விரிந்து தானாக விட்டுவிடும்.